கூப்பிடாமல் எழுந்து வந்தவள்

கண்டி நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு இடமாற்றம் கிடைத்தது. போன முதல் நாள், என் வகுப்பறைக்குள் நான் செய்த முதல் வேலை நிற்பதற்கு இடம் தேடியதுதான். கரும்பலகைக்கும் முன் வரிசை மேசைக்கும் நடுவே ஒரு ஆள் திரும்பலாம். மூன்றாம் தரம், ஐம்பத்தொரு பிள்ளைகள். இரண்டு பேருக்குச் செய்த வாங்கில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருக்கிற பிள்ளை எழுதினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கையை மடக்கிக்கொள்ள வேண்டும். நடைபாதை முழுக்கப் புத்தகப் பைகள். பின் வரிசைக்குப் போவதென்றால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பையாகத் தாண்ட வேண்டும். நான் கொஞ்சம் தடித்த ஆள் வேறு. அந்த வாரத்திலேயே பின் வரிசைக்குப் போவதை விட்டுவிட்டேன்.

அதற்கு முன்னால் பல வருடங்கள் நான் படிப்பித்தது மடுல்கெல்லைக்கு மேலே, தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து, வத்தேகமையில் மாறி, இறங்கிய இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே மேலே ஏற வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு மண்டபம். ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் தரங்களை நான்தான் பார்த்தேன். வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது, கால் வைத்த கரும்பலகைதான் மறைப்பு. நான் இருந்த கடைசி வருடம் ஐந்தாம் தரத்தில் மொத்தம் நான்கு பேர்.

ஒரே அரசாங்கம், ஒரே பாடப்புத்தகம், ஒரே சீருடைத் துணி. ஒரு காலைநேரத்து பஸ் பயணத்தின் ஒரு முனையில் நான்கு பிள்ளைகள், மறு முனையில் ஐம்பத்தொன்று. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். வீட்டில் என் கணவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

நான்கு பேர் இருக்கிற வகுப்பில் கை உயர்த்துவது எதற்கு? எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நான் ஐந்தாம் தரத்துப் பலகையில் ஒரு கணக்கை எழுதுவேன். வெண்கட்டியை மேசை ஓரத்தில் வைப்பேன். வைத்துவிட்டுப் பலகையைச் சுற்றிக்கொண்டு நான்காம் தரத்துக்குப் போய்விடுவேன். யாருக்கு விடை தெரிகிறதோ அவர் எழுந்து வந்து வெண்கட்டியை எடுத்து எழுதலாம். கேட்கத் தேவையில்லை, கூப்பிடக் காத்திருக்கவும் தேவையில்லை. நான் திரும்பி வரும்போது பலகையில் விடை இருக்கும். மூன்று வகுப்புக்கு ஒரே ஆள் என்பதால் வந்த ஏற்பாடு அது. வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படி இல்லை என்பது என் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிவதற்கு அவர்கள் வேறெந்தப் பள்ளிக்கூடத்தையும் பார்த்ததில்லை.

அந்த நால்வரில் ஒருத்திதான் பெரும்பாலும் வெண்கட்டியை எடுப்பாள். அக்கா போட்டுப் பழசான வெள்ளைச் சட்டை முழங்காலைத் தாண்டித் தொங்கும். விடை தெரியாவிட்டாலும் வந்துவிடுவாள். வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுப்பாள். எழுதுவாள், பிழையென்று பட்டால் உள்ளங்கையால் அழிப்பாள், மறுபடி எழுதுவாள். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது உள்ளங்கையும் சட்டையின் முன்பக்கமும் மாப் பூசியது மாதிரி இருக்கும். சரியாக வந்துவிட்டால் பலகைக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டி, "டீச்சர், வந்துருச்சு," என்பாள். நான்காம் தரம் திரும்பிப் பார்க்கும், மூன்றாம் தரம் சிரிக்கும். "வாயாடி, போய் ஒக்காரு," என்று அதட்டுவேன். அவளுக்கு நன்றாகத் தெரியும், அந்த அதட்டலில் ஒன்றுமில்லை என்று.

எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் ஓய்வுபெறக் காத்திருந்த மனிதர். அவர் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "நீங்க நல்லாப் படிச்சுக் குடுக்கக் குடுக்க நம்ம ஸ்கூல் காலியாகுது டீச்சர்." அது பகிடி இல்லை. ஒரு பிள்ளை ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி நகரத்துக்குப் போனால், அந்த வீட்டுத் தம்பியையும் தங்கையையும் முதலாம் தரத்திலேயே நகரத்தில் சேர்க்க வழி தேடுவார்கள். கண்டியில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் போதும். அதைப் பார்த்துப் பக்கத்து லயத்து வீட்டு ஆட்களும் கிளம்புவார்கள். எங்கள் முதலாம் தரம் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. தாங்கள் ஓடுவது எதை விட்டு என்று அவர்களிடம் கேட்டால், "சின்ன ஸ்கூல் டீச்சர், புள்ளைகளே இல்ல," என்பார்கள்.

அந்த வருடம் அவள் பாஸ் பண்ணினாள். வெறும் பாஸ் இல்லை, கண்டியில் பெயர் சொன்னால் ஆட்கள் நிமிர்ந்து பார்க்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போகக்கூடிய புள்ளி. தோட்டமே கொண்டாடியது. அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு பேனர் அடித்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு எதிரே இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினார்கள். படத்தில் அவளுடைய பல் ஒன்று விழுந்த இடம் தெரியாதபடி ஸ்டுடியோக்காரர் வெள்ளையாக ஒரு பல் வைத்திருந்தார். அவள் அதைக் காட்டி, "இது நான் இல்ல டீச்சர்," என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளை எங்கே அனுப்புவது என்று அவளுடைய அம்மா என்னிடம் கேட்க வந்தார். கேட்க வந்தார் என்பதைவிட, சொல்ல வந்தார் என்பதுதான் சரி. கொழுந்து எடுக்கிற பெண், நேரே வேலையிலிருந்து வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்குத் துணி இன்னும் நனைந்திருந்தது. நான் கீழே பிரதான வீதியில் இருக்கும் பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். சாதாரண தரப் பரீட்சை, அதாவது பதினோராம் தரம் வரை இருக்கிறது. வகுப்பில் பதினைந்து பேர்கூட இல்லை, நல்ல கணக்கு சேர் ஒருவர் இருக்கிறார், பிள்ளை வீட்டிலிருந்தே போகலாம்.

"அங்க படிச்சு யாரு டீச்சர் முன்னுக்கு வந்தாங்க?" என்றார் அவர்.

"டவுன்ல ஒரு வகுப்புல அம்பதுக்கு மேல இருக்காங்க. இவள அங்க யாரு பாப்பா? இவ பேசாம இருக்கிற புள்ள இல்ல. பேசவிடலன்னா வாடிருவா," என்றேன்.

அவர் கோபமில்லாமல்தான் கேட்டார். "ஒங்க மகள் எங்க படிக்கிறா டீச்சர்?"

என் மகள் கண்டியில்தான் படித்தாள், நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வகுப்பில். அவளை அங்கே சேர்க்க, நாங்கள் எத்தனை வருடமாகக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறோம் என்று காட்ட, மின்சாரப் பில்லிலிருந்து வாக்காளர் இடாப்பு வரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நானும் அலைந்தவள்தான். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அவள் ஆறாம் தரத்துக்குக் கண்டிக்குப் போனாள், மகியாவையில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு. அதே தவணையில் நான் எப்போதோ கேட்டிருந்த இடமாற்றமும் வந்தது. அவள் போன பள்ளிக்கூடத்தின் ஆரம்பப் பிரிவுக்குத்தான். முற்றத்தில் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரும் பாஸ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற ஆசிரியைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, இடைவேளையில் ஆசிரியர் அறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஆறாம் தரத்துக்குக் கணக்குப் படிப்பிக்கும் டீச்சர், அக்குறணைப் பக்கத்துக்காரர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர், சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னார்.

"இன்டைக்கு ஒரு வேல நடந்திச்சு. நான் போர்ட்ல கணக்க எழுதிப்போட்டு, சோக்க மேசையில வெச்சிட்டு, முன்னால இருந்த புள்ளட கொப்பியப் பாத்துக்கிட்டிருக்கேன். பின்னால இருந்து ஒரு புள்ள எழும்பி, பேக் எல்லாத்தையும் தாண்டித் தாண்டி வந்து, சோக்க எடுத்து எழுதத் தொடங்கிட்டா! நான் கூப்பிடவும் இல்ல, ஒண்டும் இல்ல. 'யாரும்மா ஒன்ன வரச் சொன்ன?' எண்டு சத்தம் போட்டேன். முழு வகுப்பும் கொல்லெண்டு சிரிச்சிச்சு. புள்ள சோக்க வெச்சிட்டு ஓடிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கோப்பையை மேசையில் வைத்தேன். யார் என்று கேட்கத் தேவையே இல்லை. என் பிள்ளை. நான் பழக்கிய வழக்கம். மேசை ஓரத்தில் வெண்கட்டியைக் கண்டிருக்கிறாள், விடை தெரிந்திருக்கிறது, எழுந்து வந்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அது பிழையே இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த டீச்சரின் முகம் வாடிவிட்டது. "அல்லாஹ்வே, எனக்கெப்படித் தெரியும்? ஐம்பத்து நாலு புள்ளகள் டீச்சர். இன்னும் பேரே பாடமில்ல," என்றார். அவர் சொன்னது நியாயம். என் ஐம்பத்தொரு பேரில் பாதிப் பேரின் பெயர் எனக்கும் அப்போது தெரியாது. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

நல்ல மனுஷி, அதைச் சரிசெய்யப் பார்த்தார். அதுதான் இன்னும் கெடுத்துவிட்டது. மறுநாள் வகுப்பில் வெண்கட்டியை நீட்டி, "வாங்க மகள், நேத்து எழுத வந்தீங்கதானே, இன்டைக்கு வந்து எழுதுங்க," என்று கூப்பிட்டிருக்கிறார். ஐம்பத்து மூன்று முகமும் ஒரேயடியாகப் பின்னால் திரும்பியிருக்கிறது. அவள் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் அவளைக் காணும்போதெல்லாம் "சோக், சோக்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிற இடத்தில், சிரிக்க ஒன்று கிடைத்தால் விடமாட்டார்கள்.

ஒருநாள் அந்த வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை. ரிலீஃப் பாடத்துக்கு என்னை அனுப்பினார்கள். அவள் கடைசி வரிசையில், சுவரோரம் இருந்தாள். நான் ஒரு கணக்கை எழுதினேன், பழைய பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடாக இருந்த வகைக் கணக்கு. எழுதிவிட்டு வெண்கட்டியை மேசை ஓரத்தில் வைத்தேன். வைத்துவிட்டு, பழையபடி, அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னலோரம் போய் நின்றேன். யாரும் அசையவில்லை. "டீச்சர், யார் எழுதணும்?" என்று முன் வரிசையில் ஒரு பிள்ளை கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் வெண்கட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பைகளைத் தாண்டி, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று அவளிடமே போனேன். கொப்பியில் விடை இருந்தது. சரியான விடை. பென்சிலால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக, பக்கத்தின் மூலையில் எழுதியிருந்தாள். பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாதபடி இடது கையால் மறைத்திருந்தாள். நான் அந்தக் கையைத் தொட்டேன். உள்ளங்கை சுத்தமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பு நடுவே அழக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் திரும்பி வந்து, விடையை நானே எழுதினேன்.

அதன் பிறகு எனக்கு முடிந்ததைச் செய்து பார்த்தேன். இடைவேளையில் அவளைத் தேடிப் போனேன், என் சாப்பாட்டில் பங்கு கொடுத்தேன், பழைய கதை பேசினேன். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவளாக ஒன்றும் சொல்லமாட்டாள். வகுப்பாசிரியையிடம் அவளை முன் வரிசைக்கு மாற்றச் சொன்னேன். "முன் வரிசைக்குக் கண்ணாடி போட்ட புள்ளகளே எட்டுப் பேர் காத்துக்கிட்டிருக்காங்க டீச்சர்," என்றார். சித்தி வீட்டில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வாரத்தில் ஒருநாள் வராமல் இருந்தது பிறகு இரண்டு மூன்று நாளாயிற்று.

அந்த நாட்களில்தான் எங்கள் பழைய அதிபர் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த வருடம் முதலாம் தரத்துக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லையாம். எனக்குப் பதிலாகவும் யாரும் வரவில்லை. இருந்த கொஞ்சப் பிள்ளைகளையும் பெற்றோர் கீழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "மூடியாச்சு டீச்சர். தற்காலிகமாம். சாமான் எல்லாத்தையும் அலுமாரியில வச்சுப் பூட்டி, சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டேன்," என்றார். எப்போதும் சொல்லும் பகிடியை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

முதல் தவணை முடிவதற்கு முன்பே அவளுடைய அம்மா வந்துவிட்டார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக. அதிபர் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவரை நான் தற்செயலாகத்தான் கண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"புள்ள பேசுறதே இல்ல டீச்சர். தங்கச்சி சொல்லித்தான் வந்தேன். சிவராத்திரிக்குக்கூட வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டா. பேனர கழட்டுனாத்தான் வருவேன்னு சொல்றா. நேத்துத்தான் நானே ஏறிக் கழட்டினேன்."

"கீழ் ஸ்கூல்ல சேப்போம். நான் அந்த சேர்கிட்ட பேசுறேன்," என்றேன்.

"அங்கயும் மாட்டேங்கிறா. டவுனுக்குப் போயி தோத்துட்டு வந்தவன்னு எல்லாரும் சிரிப்பாங்களாம். என்னத்த செய்யட்டும்? வீட்டுலயே கெடக்கட்டும். உசிரோட இருந்தாப் போதும்."

நீங்கள் சொன்னது சரி டீச்சர் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்கமாட்டேன். பிள்ளைக்கு நல்லது வேண்டுமென்று நினைத்ததைத் தவிர அந்தப் பெண் வேறென்ன செய்தார்?

விடுகைப் பத்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளுடைய பையை எடுக்க அந்த வகுப்புக்கு நானே போனேன். சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலென்று வராவிட்டால் மண்டபம் முழுக்க அது தெரியும். கணக்குச் செய்யும்போதும் வெறிச்சென்று இருக்கும், சாப்பிடும்போதும் யாராவது அவளைப் பற்றிக் கேட்பார்கள். இங்கே நான் அவளுடைய பையை எடுத்த உடனே, அந்த வாங்கில் மீதியிருந்த இரண்டு பிள்ளைகளும் தள்ளித் தள்ளி வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பிள்ளை முழங்கையை மேசையில் நன்றாக விரித்து வைத்து எழுதத் தொடங்கினாள். பாவம், அந்தப் பிள்ளைக்கும் அந்த இடம் தேவையாகத்தான் இருந்தது. அவள் இருந்த இடம் எது என்று வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவர்களோடு போனேன். பஸ்ஸில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கீழே நின்று, நன்றாகச் சாப்பிடச் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாகவே பேசினாள்.

"டீச்சர், நான் நம்ம ஸ்கூலுக்கே போறேன். திருப்பி அஞ்சாம் வகுப்புப் படிக்கிறேன். நம்ம அதிபர் சேர்கிட்ட கேட்டா விடுவார்தானே?"

அவளுடைய தலைக்கு மேலாக அம்மா என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே புரிந்தது, பள்ளிக்கூடம் மூடியதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சாரதி ஏறி உட்கார்ந்தார்.

"அங்க சோக் இருக்கும்தானே டீச்சர்?" என்று கேட்டாள்.

"இருக்கும்," என்றேன். அது பொய் இல்லை. நான் விட்டுவிட்டு வந்த வெண்கட்டிப் பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பூட்டிய அலுமாரிக்குள் அது இன்னும் அப்படியேதான் இருக்கும்.